பாபிலோனை மறவாத பாடகர்: லியோனார்ட் கோஹனின் பிற்காலப் பாடல்கள்

சங்க மலருக்கு நான் வழக்கமாக எழுதுவது சிலம்பு பற்றியோ தேவாரம் பற்றியோ இருக்கும். இந்த முறை கனடா நாட்டு ராக் பாடகர் ஒருவரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், மலர்க்குழு நண்பர் தொலைபேசியில், "என்ன அண்ணாச்சி, திடீர்னு அந்தப் பக்கம் போயிட்டீங்க?" என்று கேட்டார். போகவில்லை, அவர்தான் நம் பக்கம் வந்தார். 1999-இல் மும்பைக்கு வந்து, கெம்ப்ஸ் கார்னரில் ஒரு சாதாரண ஓட்டல் அறையில் மாதக்கணக்கில் தங்கியிருந்தார். அதற்கடுத்த சில ஆண்டுகளிலும் மீண்டும் மீண்டும் வந்தார். அப்போது நாமெல்லாம் இதே ஊரில்தான் 8.20 லோக்கலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தோம்.

லியோனார்ட் கோஹன் என்ற பெயரை நான் முதலில் கேட்டது மகள் வழியாக. 2001-ஆம் ஆண்டு இறுதியில், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவள், காலா கோடாவில் அப்போது இருந்த ரிதம் ஹவுஸ் கடையிலிருந்து (2016-இல் அது மூடப்பட்டது) 'டென் நியூ சாங்ஸ்' என்ற குறுந்தகட்டை வாங்கி வந்தாள். செம்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அது ஓடியபோது அடுக்களையிலிருந்து என் மனைவி சொன்ன விமர்சனம் இன்றும் எங்கள் வீட்டில் பிரசித்தம்: "யாரோ பாவம், தொண்டை கட்டியிருக்கு. சுக்குத் தண்ணி போட்டுக் குடுக்கச் சொல்லுங்க."

அந்த விமர்சனத்தை அலட்சியப்படுத்த முடியாது. பாட்டு என்றால் சாரீரம் என்று பழகிய காது நம்முடையது. கோஹன் 67 வயதில் வெளியிட்ட அந்தத் தட்டில் குரல் மேலே ஏறுவதே இல்லை. அடி மந்தரத்தில், ஏறக்குறையப் பேச்சுபோல, ஒவ்வொரு சொல்லாக இறங்குகிறது. முதல் தடவை எனக்கும் சலிப்பாகத்தான் இருந்தது. பிறகு எம். டி. ராமநாதன் நினைவுக்கு வந்தார். அவருடைய கீழ்ச்சுருதியையும் நிதானத்தையும் 'தூக்கம் வருகிறது' என்று கேலி செய்தவர்கள் இருந்தார்கள்; அதற்காகவே அவரைத் தேடிப் போனவர்களும் இருந்தார்கள். இருவருடைய இசைக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் வேகமில்லாத குரலைக் கேட்க எப்படி உட்கார வேண்டும் என்பதை எனக்கு முன்பே சொல்லிக்கொடுத்தவர் ராமநாதன்தான்.

கோஹன் 1934-இல் மான்ட்ரியலில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். முதலில் கவிஞர், முதல் கவிதைத் தொகுதி 1956-இல் வந்துவிட்டது. அப்புறம் இரண்டு நாவல்கள். எழுத்து சோறு போடவில்லை என்று கிதாரைக் கையில் எடுத்து, முதல் இசைத்தட்டை வெளியிட்டபோது வயது 33. ராக் உலகத்தில் அது ஏறக்குறைய ஓய்வு பெறும் வயது! அவர் இளமைக் காலப் பாடல்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 'சூசன்' போன்ற பாட்டை எழுதியவரைக் குறைத்துச் சொல்ல நான் யார்? ஆனால் அந்தப் பாடல்களில் ஒரு தோரணை உண்டு. காதலன், துறவி, பாவி, தீர்க்கதரிசி என்று வேடம் மாறும். மேடையின் நடுவில் நிற்பவர் மட்டும் மாறுவதில்லை. 1992-இல் வந்த 'தி ஃபியூச்சர்' தட்டு வரை இந்தத் தீர்க்கதரிசி உலகத்தைப் பார்த்து விரல் நீட்டிக்கொண்டே இருந்தார். இன்றைய இளைஞர்கள் திரைப்படங்கள் வழியாக அறிந்த 'ஹல்லேலூயா' 1984-ஆம் ஆண்டுத் தட்டில் உள்ளது. அந்தத் தட்டை அமெரிக்காவில் வெளியிட அவருடைய நிறுவனமே முதலில் மறுத்துவிட்டது. அது பிரபலமானது மற்றவர்கள் பாடிய பிறகுதான்.

அவருடைய உண்மையான சாதனை 67 வயதுக்கு மேல்தான் என்பது என் கட்சி. குரல் போனது, பிறகு பணம் போனது, கடைசியில் உடம்பும் போனது. ஒவ்வொன்று போகும்போதும் பாட்டு ஒரு படி தெளிந்தது. 'கிழவர் பணத்துக்காகத் திரும்பி வந்தார், உலகம் இரக்கப்பட்டுக் கைதட்டியது' என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் தட்டுகளைக் கேட்டிருக்கிறார்களா என்பதே என் சந்தேகம்.

1994 முதல் ஐந்தாண்டுகள் அவர் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே மவுண்ட் பால்டி மலையில் உள்ள ஜென் மடத்தில், சசாகி ரோஷி என்ற ஜப்பானிய ஆசானிடம் இருந்தார். 1996-இல் முறைப்படி துறவியும் ஆனார். சமைப்பது, பனியைத் தள்ளுவது, விடியுமுன் எழுந்து உட்காருவது. வாழ்நாள் முழுதும் அவரைப் பிடித்திருந்த மனச்சோர்வு மட்டும் போகவில்லை. அங்கே இருக்கும்போது நம்மூர் ரமேஷ் பல்சேகரின் புத்தகம் ஒன்று கைக்குக் கிடைத்தது. பல்சேகர் யார்? பாங்க் ஆஃப் இந்தியாவின் தலைமைப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றவர். கேத்வாடியில் பீடிக்கடை வைத்திருந்த ஞானி நிசர்கதத்த மகராஜின் பேச்சுகளை மொழிபெயர்த்தவர். வங்கியில் பேரேட்டோடு வாழ்நாளைக் கழித்த எனக்கு இந்த இடத்தில் சற்றுப் பெருமை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வார்டன் ரோடு பக்கம் இருந்த தம் வீட்டில் காலை வேளைகளில், வருகிறவர்களோடு அத்வைதம் பேசுவார். 'செயல்கள் நடக்கின்றன, செய்பவன் என்று தனியாக ஒருவன் இல்லை' என்பது அவர் உபதேசத்தின் சாரம். கோஹன் அந்தக் கூடத்தில் எல்லோரோடும் ஒருவராக உட்கார்ந்து கேட்டார்.

அந்த ஆண்டுகளில் மனச்சோர்வு தம்மைவிட்டு மெல்ல விலகியது என்று பின்னாளில் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மும்பைதான் குணப்படுத்தியது என்று நான் உரிமை கொண்டாட மாட்டேன். வயதும் ஒரு மருந்துதான் என்று அவருக்கே தோன்றியிருக்கிறது. ஆனால் மும்பைக்குப் பிறகு வந்த பாடல்களில் 'நான்' என்ற சொல் பழைய கனத்தோடு விழவில்லை என்பதைக் காது உள்ளவர் எவரும் கேட்கலாம்.

அப்படி வந்த முதல் தட்டுதான் மகள் வாங்கி வந்தது. அதன் இசை முழுவதும் ஷாரன் ராபின்சன் என்ற பாடகியோடு சேர்ந்து, வீட்டு ஒலிப்பதிவுக் கூடத்தில், மின்விசைப் பலகைகளைக் கொண்டு செய்தது. அந்தத் தாளப் பொறிச் சத்தம் மலிவாகத்தான் இருக்கிறது, கல்யாண மண்டபத்துக் கீபோர்டு மாதிரி. பிறகு வாத்தியக்காரர்களை வைத்து நிரப்பிக்கொள்ளலாம் என்று போட்ட வரைவையே, இதுவே போதும் என்று கோஹன் வைத்துக்கொண்டார். மெட்டைச் சுமக்கிற வேலையை அந்தப் பெண்குரலிடம் விட்டுவிட்டு, இவர் அதன் கீழே நடந்து போகிறார். ஏற முடியாதவர் ஏணியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டார். 'பூகி ஸ்ட்ரீட்' பாடலில் முதலில் ஒலிப்பது அவர் குரலே அல்ல. (அந்தப் பெயர் சிங்கப்பூரின் பூகிஸ் தெருவிலிருந்து வந்தது. அங்கே உறவினர் உள்ளவர்களுக்குத் தெரிந்த இடம்தான்.) 'அலெக்ஸாண்ட்ரா லீவிங்' என்ற பாடல், கிரேக்கக் கவிஞர் கவாஃபி அலெக்ஸாந்திரியா நகரத்தை இழக்கும் ஆண்டனியைப் பற்றி எழுதிய கவிதையிலிருந்து பிறந்தது. கவாஃபியிடம் நகரம் விட்டுப் போகிறது. கோஹனிடம் அந்த நகரம் ஒரு பெண்ணாகி விட்டுப் போகிறாள்.

இந்தத் தட்டில் என்னைப் பிடித்து உலுக்கிய பாடல் 'பை தி ரிவர்ஸ் டார்க்'. அதைப் புரிந்துகொள்ள விவிலியத்தின் 137-ஆம் சங்கீதம் தெரிய வேண்டும். நம் திருநெல்வேலிக் கிறிஸ்தவ அன்பர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களும் போனி எம் குழுவின் புண்ணியத்தால் அதைக் கேட்டிருப்பார்கள். 1978-இல் அந்தப் பாட்டு ஒலிக்காத பம்பாய்க் கல்யாண வரவேற்பு உண்டா? ஆடத் தோதான அந்த மெட்டுக்குள் இருப்பது பெரிய துக்கம். சிறைப்பட்டுப் பாபிலோனுக்குக் கொண்டு செல்லப்பட்ட யூதர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுகிறார்கள். அந்நிய மண்ணில் எங்கள் இறைவனின் பாட்டை எப்படிப் பாடுவது என்று யாழை மரத்தில் மாட்டிவிடுகிறார்கள். எருசலேமை மறந்தால் என் கை விளங்காமல் போகட்டும் என்று சபதம் செய்கிறார்கள். பிறந்த மண்ணை விட்டு வந்த எல்லா இனத்தாருக்கும் இது மூலப்பாட்டு.

கோஹன் என்ன செய்கிறார் பாருங்கள். அவருடைய மனிதன் அதே ஆற்றங்கரையில் இருக்கிறான், ஆனால் உட்கார்ந்து அழவில்லை. நடந்து போய்விடுகிறான். பாபிலோனிலேயே வாழ்ந்துவிடுகிறான். புனிதப் பாட்டை மறந்தும்விடுகிறான். அதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறான். இருட்டில் யாரோ அவனை வேட்டையாடுகிறார்கள். அடி நெஞ்சில் விழுகிறது. நெஞ்சு தன்னுடையது அன்று என்று அப்போதுதான் தெரிகிறது. கடைசியில் பழைய சபதத்தின் வடிவத்திலேயே ஒரு புதுச் சபதம் வருகிறது. எருசலேம் என்று வர வேண்டிய இடத்தில் பாபிலோனை வைத்துவிடுகிறார்! தான் சிறைப்பட்ட நகரத்தை, தன் பாட்டை மறக்கடித்த நகரத்தை, மறந்தால் தனக்கு ஆசி இல்லாமல் போகட்டும் என்கிறார்.

இதை முதலில் புரிந்துகொண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1974-இல் ஒரு டிரங்குப் பெட்டியோடு தாதரில் இறங்கியவன் நான். நாம் சங்க விழாக்களில் பாடுவதெல்லாம் எருசலேம் பாட்டுத்தான். தாமிரபரணி, காவிரி, ஊர்த் தேர், ஊர்ச் சாப்பாடு. மாதுங்கா மார்க்கெட்டையோ, மழையில் முழங்கால் தண்ணீரில் சயானில் இறங்கி நடந்ததையோ யாராவது மேடையில் பாடி நீங்கள் கேட்டதுண்டா? ஊரில் இருந்த எங்கள் வீட்டை 2009-இல் அண்ணன் தம்பிகள் சேர்ந்து விற்றோம். என் பேரனுக்குத் தமிழ் பேச வரும். எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். மறந்ததை மறந்தேன் என்று சொல்லவும், வாழ்ந்த இடத்தை என்னுடையது என்று சொல்லவும் நமக்கு ஒரு பாட்டு இல்லை. அதை எங்கோ ஒரு மான்ட்ரியல் யூதர் எழுதி வைத்திருக்கிறார். அவர் பாட்டை மறந்தேன் என்று சொல்வதே பாட்டாகிவிடுகிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பட்டுப்போன கிளையிலிருந்து எடுத்த பாட்டும் அந்த மரமும் அவனுக்காகவே பாடுகின்றன என்ற பொருளில் அவர் முடிக்கும் இடத்துக்குச் சமமாக, அவருடைய முற்காலப் பாடல்களில் நான் ஒன்றையும் காட்ட முடியாது.

அடுத்து 2004-இல் வந்த 'டியர் ஹெதர்' பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பைரனின் கவிதை ஒன்று, கனடாக் கவிஞர் ஃபிராங்க் ஸ்காட்டின் கவிதை ஒன்று, பழைய மேடைப் பதிவு ஒன்று என்று குறிப்பேட்டைப் புரட்டுவதுபோல இருக்கிறது. அவர் மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும் நல்ல தட்டு என்று என்னால் சொல்ல முடியவில்லை. 2006-இல் வந்த 'புக் ஆஃப் லாங்கிங்' கவிதைத் தொகுதியில் மடத்தையும் மும்பையையும் பற்றிய நல்ல வரிகள் உண்டு. கிழவரின் சபலத்தைப் பற்றிய கவிதைகள் மட்டும் சற்று அதிகம்.

அப்புறம் அந்த அடி. அவருடைய மேலாளராக இருந்தவர், ஓய்வுக்காலத்துக்கென வைத்திருந்த 50 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட பணத்தைக் கரைத்துவிட்டது 2004-இல் தெரிய வந்தது. 2006-இல் நீதிமன்றம் 90 லட்சம் டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்புதான் கையில் நின்றது. 15 ஆண்டுகளாக மேடை ஏறாத மனிதர், 73 வயதில், 2008 மே மாதம் ஃபிரெடெரிக்டன் என்ற சிறிய கனடா நகரத்தில் மறுபடி தொடங்கினார். 2013 வரை உலகம் சுற்றினார்.

பணத்துக்காக வந்தார் என்பது உண்மைதான். நம் அப்பாக்கள் எல்லோரும் பணத்துக்காகத்தான் பம்பாய் ரயில் ஏறினார்கள். அதில் என்ன குறை? பார்க்க வேண்டியது, வந்தவர் என்ன செய்தார் என்பது. மூன்று மணி நேரக் கச்சேரி. தொப்பியும் கோட்டும் அணிந்த கிழவர் மண்டியிட்டுப் பாடுவார். ஸ்பெயினைச் சேர்ந்த ஹாவியேர் மாஸ் தந்தி வாத்தியத்தில் ஒரு முன்னுரை வாசித்தால், தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, தலை குனிந்து கேட்பார். ஷாரன் ராபின்சனுக்குத் தனியாக ஒரு பாட்டைக் கொடுத்துவிட்டு, இருட்டில் ஓரமாக நிற்பார். 2009-இல் வந்த 'லைவ் இன் லண்டன்' பதிவில் இதையெல்லாம் பார்க்கலாம். பக்கவாத்தியக்காரரைக் கேட்கத் தெரிந்த பாடகரை நம் சபாக்களிலும் நாம் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறோம். அந்த மேடைகளில் பழைய பாடல்களும் மாறின. இளைஞர் எழுதிய தோரணை அப்படியே இருக்க, அதைப் பாடுகிற கிழவர் அதை லேசான புன்னகையோடு கையில் பிடித்திருக்கிறார்.

2012-இல் 'ஓல்ட் ஐடியாஸ்'. அதன் முதல் பாடலான 'கோயிங் ஹோம்' தமிழ் பக்தி இலக்கியம் படித்தவருக்கு உடனே பிடிபடும். அதில் பேசுபவர் கோஹன் இல்லை. மேலிருந்து யாரோ ஒருவர் லியோனார்ட் என்ற ஆளைப் பற்றிப் பேசுகிறார். நல்லவன்தான், ஆனால் கோட்டு மாட்டிய சோம்பேறி. நான் சொல்லச் சொன்னதைச் சொல்வான். அதற்கு மேல் அவனிடம் ஒன்றுமில்லை. அவன் பெரிய காதல் பாட்டு எழுத நினைக்கிறான், தோல்வியோடு வாழ்வதற்கு ஒரு கையேடு எழுத நினைக்கிறான். எனக்கு அதெல்லாம் வேண்டாம், சுமை எதுவும் அவன் தலையில் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்தால் போதும். இதுதான் பாட்டின் சாரம். இறைவன் ஆட்டுவிக்கிறான், உயிர் ஆடுகிறது என்ற அப்பரின் நினைப்பு இதிலிருந்து எவ்வளவு தூரம்? அப்பர் அதை உருகிச் சொன்னார்; கோஹன் நையாண்டியாகச் சொல்கிறார். வார்டன் ரோடு கூடத்தில் கேட்ட பாடம் பத்தாண்டுக்கு மேல் ஊறி, ஒரு நகைச்சுவையாக வெளிவந்திருக்கிறது என்றே நான் படிக்கிறேன். அதே தட்டிலுள்ள 'கம் ஹீலிங்' பெண்குரல்களில்தான் தொடங்குகிறது. இவர் பிற்பாடு வந்து சேர்கிறார். ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: இந்தப் பெண்குரல் உத்தியை அவர் சில பாடல்களில் ஊன்றுகோலாகவே பயன்படுத்துகிறார். எல்லா இடத்திலும் அது பாட்டின் தேவை என்று நான் வாதாட மாட்டேன்.

80-ஆம் பிறந்தநாளை ஒட்டி வந்த 'பாப்புலர் பிராப்ளம்ஸ்' தட்டின் முதல் பாட்டுக்குப் பெயரே 'ஸ்லோ'. வயசானதால் மெதுவாகப் போகிறேன் என்று நினைக்காதீர்கள், எனக்கு எப்பவுமே அதுதான் பிடிக்கும் என்று கண்ணடிக்கிறார். லேசான தட்டு, இனிமையான தட்டு.

அதன் பிறகு எலும்பு நொறுங்க ஆரம்பித்தது. முதுகெலும்பு முறிவுகளால் வீட்டை விட்டு நகர முடியாத நிலையில், மருத்துவ நாற்காலியில் உட்கார்ந்தபடி, மகன் ஆடம் கோஹன் ஒலிவாங்கியை எதிரே வைக்கப் பதிவு செய்ததுதான் 'யூ வான்ட் இட் டார்க்கர்'. மான்ட்ரியலில் அவருடைய பாட்டனாரும் பூட்டனாரும் தலைமைப் பொறுப்பில் இருந்த யூதத் தொழுகைக்கூடத்தின் பாடகர் குழுவையே அதில் பாட வைத்தார். இங்கே சமாதானம் எதுவும் இல்லை. முதல் பாட்டு கடவுளோடு நேருக்கு நேர் வழக்காடுகிறது. சீட்டைப் பிரித்துப் போடுகிறவன் நீ என்றால் நான் ஆட்டத்துக்கு வரவில்லை என்ற தொனி. மனிதன் மனிதனுக்குச் செய்ததெல்லாம் உன் பெயராலா என்ற கேள்வி. அந்தப் புகாரை எல்லாம் அடுக்கிவிட்டு, ஆபிரகாம் தன் மகனைப் பலி கொடுக்க அழைக்கப்பட்டபோது சொன்ன அதே எபிரேயச் சொல்லால், இதோ இருக்கிறேன் என்கிறார். புகார் வாபஸ் பெறப்படவில்லை; ஆள் மட்டும் எழுந்து நிற்கிறார். குரல் இதற்கு மேல் இறங்க இடமில்லை என்ற ஆழத்தில் இருக்கிறது. 30 வயதில் இருந்த குரலால் இந்தப் பாட்டைப் பாடியிருக்கவே முடியாது; பாடியிருந்தால் நடிப்பாக இருந்திருக்கும்.

தட்டு வெளிவந்தது 2016 அக்டோபர் 21. சாகத் தயார் என்று ஒரு பேட்டியில் சொன்னது பரபரப்பானதும், கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டேன், என்றைக்கும் இருப்பதாகத்தான் உத்தேசம் என்று அதே மாதத்தில் ஒரு கூட்டத்தில் சிரிக்க வைத்தார். நவம்பர் 7 அன்று, 82 வயதில் காலமானார். 2018-இல் அந்த முதல் பாட்டுக்குக் கிராமி விருது கிடைத்தது. எந்தப் பிரிவில் தெரியுமா? சிறந்த ராக் நிகழ்த்துகை! நாற்காலியில் உட்கார்ந்து முணுமுணுத்த பாட்டு. என் மகள் டொரன்டோவிலிருந்து தொலைபேசியில் அந்தச் செய்தியைச் சொல்லிச் சிரித்தாள். "அப்பா, அம்மாகிட்ட சொல்லுங்க, சுக்குத் தண்ணி வேண்டாமாம்."

அவர் விட்டுச் சென்ற வெறும் குரல் பதிவுகளுக்கு மகன் இசை சேர்த்து, 2019 நவம்பரில் 'தேங்க்ஸ் ஃபார் தி டான்ஸ்' என்ற தட்டாக வெளியிட்டார். இறந்தவர் மிச்சத்தை விற்கிறார்கள் என்ற பயத்தோடுதான் கேட்டேன். மூன்று நான்கு துண்டுகள் துண்டுகளாகவே நிற்கின்றன. ஆனால் கடைசித் துண்டு, அந்த அக்டோபர்க் கூட்டத்தில் அவர் வாயால் சொன்ன சில வரிகளைப் பதிவிலிருந்து எடுத்து இசை சேர்த்தது. இரண்டு நிமிடம்கூட ஓடாது. தேன்சிட்டைக் கேளுங்கள் என்கிறார். என்னைக் கேட்காதீர்கள் என்கிறார். அதன் பின் கொஞ்ச நேரம் வாத்தியம் மட்டும் இருக்கிறது.